பேராசிரியர் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசும்போது

லண்டன் ஆல்பமார்ல் தெருவில் உள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-இல் ஒரு வழக்கம் தொடங்கியது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஓர் அறிஞர் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொடர் சொற்பொழிவு நிகழ்த்துவார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நின்றதைத் தவிர, இன்றுவரை அது நடந்துவருகிறது. 1966-இலிருந்து தொலைக்காட்சியிலும் வருகிறது. பழைய தொடர்கள் பலவற்றை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் கார்ல் சேகன், வார்விக்கின் கிறிஸ்டோபர் ஜீமன், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் டாக்கின்ஸ் எல்லாரும் அந்த மேசைக்குப் பின்னால் நின்று பிள்ளைகளிடம் பேசியிருக்கிறார்கள்.

இதைப் பார்த்தால் மார்க் வருமா என்ற கேள்வியோடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். கச்சேரிக்குப் போகிறவர் பாடகர் ராகத்தை எங்கே தொட்டு எப்படி விரிக்கிறார் என்று கவனிப்பார் அல்லவா, அந்தக் கவனம் இதற்கும் வேண்டும். ஒரு கருத்தைப் பேராசிரியர் எங்கே தொடங்குகிறார், எதை முதலில் கண்ணுக்குக் காட்டுகிறார், விளக்கத்தை எவ்வளவு நேரம் தள்ளிப்போடுகிறார் என்பதில்தான் ரசனை இருக்கிறது.

டாக்கின்ஸின் 1991 தொடரில் முதல் உரையைப் பாருங்கள். மேலேயிருந்து கயிற்றில் ஒரு கனத்த இரும்புக் குண்டு தொங்குகிறது. அதை முகத்துக்கு அருகே இழுத்துப் பிடித்து விட்டுவிடுகிறார். குண்டு எதிர்ப்பக்கம் போய் அவர் முகத்தை நோக்கித் திரும்பி வருகிறது. அவர் நகரவில்லை. கிளம்பிய உயரத்துக்கு மேல் குண்டு வரமுடியாது என்ற இயற்பியலை நம்பி நிற்கிறார். இங்கே குண்டைப் பார்க்காதீர்கள், அவர் கைகளைப் பாருங்கள். குண்டைத் தள்ளிவிடாமல் வெறுமனே விடுகிறார். சிறிதளவு தள்ளியிருந்தாலும் அது முகத்தில் மோதியிருக்கும். ஆற்றல் அழியாமை விதி முழுவதும் அந்த விரல்களில் இருக்கிறது. இதைக் கண்டபின் பாடநூலின் சூத்திரம் வேறுமாதிரி படிக்கும்.

ஆனால் தொடங்க வேண்டிய இடம் மைக்கேல் ஃபாரடேதான். 1827-க்கும் 1860-க்கும் இடையில் 19 தொடர்களை அவர் நிகழ்த்தினார். அவற்றில் புகழ்பெற்றது ஒற்றை மெழுகுவர்த்தியை வைத்து வேதியியலையே சொல்லிக்கொடுத்த தொடர். அன்று ஒளிப்பதிவு ஏது? அச்சான உரைதான் மிஞ்சியது. இலினாய் பல்கலைக்கழகத்தின் வேதிப் பொறியியல் பேராசிரியர் பில் ஹாமக் 2016-இல் அந்த உரைகளை இன்றைய ஆங்கிலத்தில், அதே சோதனைகளோடு, யூடியூபில் நிகழ்த்திக் காட்டினார். பகட்டில்லாத, நிதானமான பேச்சு.

இதை ரசிக்க ஒரே வழி, இடையில் நிறுத்துவது. சுடரின் நடுவே ஒரு தடித்த தாளைக் குறுக்காக ஒரு கணம் பிடிக்கப்போகிறார் என்றதும் வீடியோவை நிறுத்துங்கள். தாளில் கருகல் எந்த வடிவில் விழும் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பெரும்பாலும் நடுவில் கரும்புள்ளி என்பார்கள். இப்போது ஓட விடுங்கள். வளையமாகக் கருகியிருக்கும், நடுப்பகுதி ஏறக்குறைய அப்படியே இருக்கும். சுடரின் உள்ளே இருப்பது இன்னும் எரியாத மெழுகு ஆவி. காற்றைத் தொடும் விளிம்பில்தான் அது எரிகிறது. ஊகம் தப்பிய பிள்ளைக்குத்தான் இந்த விளக்கம் ஆழமாக இறங்கும். அதனால் ஊகிக்காமல் பார்க்கவிடாதீர்கள்.

மெழுகுவர்த்தியை மெல்ல ஊதி அணைத்து, எழும் வெண்புகையில் சற்றுத் தள்ளி எரியும் தீக்குச்சியைக் காட்டினால் நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றும். இதைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்க வீட்டிலேயே செய்யலாம். காற்றில்லாத அறை வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பலருக்குத் தயக்கம் உண்டு, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஒரு சோதனையை முதலில் ஒலியில்லாமல் பார்க்கட்டும். என்ன நடந்தது என்பதைத் தமிழில் சொல்லட்டும். பிறகு வசன வரிகளோடு, வேகத்தைக் குறைத்துக் கேட்கட்டும். என்ன சொல்லப்போகிறார் என்பது பாதி தெரிந்துவிட்டால் அந்த உச்சரிப்பு அவ்வளவு மிரட்டாது. சொற்பொழிவுக் கூடமே கண்ணால் கற்பதற்காகக் கட்டப்பட்டதுதான். செங்குத்தாக ஏறும் இருக்கைகள் மேசையை அரைவட்டமாகச் சூழ்ந்திருக்கின்றன.

பிள்ளைகளை மேசைக்கு அழைக்கும் தருணங்களை ஓட்டிவிடாதீர்கள். தவறான விடை வரும்போது பேராசிரியர் என்ன செய்கிறார் என்பதில் அவர் எப்படிப்பட்ட ஆசிரியர் என்று தெரிந்துவிடும். அந்த விடையை எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்ப்பவர் அருமையான ஆசிரியர். சிரித்து நகர்ந்துவிடுபவர் எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும் எனக்கு உவப்பில்லை.

புதிய தொடர்களில் காட்சிகள் விரைந்து மாறுகின்றன, உரைகளும் மூன்றாகக் குறைந்துவிட்டன. எனக்குப் பழையவையே உயர்வு. கணிதத்துக்கென்று முதன்முதலாக 1978-இல் நடந்த ஜீமனின் தொடர் ஒன்றே போதும் சான்றுக்கு. அதன் தொடர்ச்சியாகத்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கான கணித வகுப்புகளை அந்த நிறுவனம் தொடங்கியது. சேகனின் 1977 தொடரை வேறு ஒரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். வைக்கிங் கலங்கள் செவ்வாயில் இறங்கி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது, ஆறு உரைகளில் பாதி செவ்வாய்க்கே. வாயேஜர் கலங்கள் அப்போதுதான் கிளம்பி வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. கடைசி உரை சூரியக் குடும்பத்துக்கு அப்பாலுள்ள கோள்களைப் பற்றியது. சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் கோள் ஒன்றுகூட அன்று கண்டறியப்படவில்லை. 1995-இல்தான் முதலாவது கிடைத்தது, இன்று வேற்று விண்மீன்களின் கோள்கள் 5,000-க்கும் மேல் உறுதியாகியுள்ளன. அவர் எதைத் துணிந்து சொல்கிறார், எங்கே தெரியாது என்கிறார் என்று குறித்துக்கொண்டே பாருங்கள்.

குறிப்பெடுப்பது என்றால் பாடக்குறிப்பு இல்லை. புத்தக பைண்டிங் கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்த ஃபாரடே, 1812-இல் அதே கூடத்தில் வேதியியலறிஞர் ஹம்ப்ரி டேவியின் உரைகளைக் கேட்டார். கேட்டதை எழுதி, தன் கையாலேயே பைண்ட் செய்து டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு அங்கே வேலை கிடைத்தது. உங்கள் பிள்ளையும் சோதனையை வரைந்து, தன் ஊகத்தை ஒரு பக்கமும் நடந்ததை மறுபக்கமும் எழுதட்டும். புரியாமல் நின்ற கேள்வியைத் தனியாகக் குறித்து, திங்கட்கிழமை அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோகட்டும். ஒரு வாரத்துக்கு ஓர் உரை போதும்.