பெயர் பெற்ற பக்கவாத்தியம்

சபையில் உட்கார்ந்து கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ் ரசிகருக்குப் பக்கவாத்தியத்தின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிடில் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று அழைப்பிதழைப் பார்த்துவிட்டு, பாடகரைக் காட்டிலும் பிடில்காரரை உத்தேசித்தே கிளம்புகிறவர்கள் நம்மில் உண்டு. அதே ரசிகர் சினிமாப் பாட்டின் இசைத்தட்டைக் கையில் எடுத்தால், பாடினவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் பளிச்சென்று இருக்க, வாசித்தவர்களின் பெயரைக் காணாததை ஒரு குறையாகவே நினைப்பதில்லை. 1960-களில் சிங்கப்பூரில் வெளிவந்த சிறிய தட்டுகளைக் கேட்கத் தொடங்கிய பின்னரே இந்த அநீதி எனக்கு உறைத்தது.

ஏழு அங்குலத் தட்டு. நிமிஷத்துக்கு 45 சுற்று. பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு. உறையிலே பாடுகிறவர் பெயரோடு வாசிக்கும் குழுவின் பெயரையும் சேர்த்தே அச்சிட்டிருப்பார்கள்: நயோமி அண்டு தி பாய்ஸ், சூசன் லிம் அண்டு தி கிரெசெண்டோஸ், ஜெஃப்ரிடினும் சிக்லாப் ஃபைவும், காசிம் செலாமட்டும் தி சுவாலோஸும். கிழக்குக் கரையோரத்து சிக்லாப்பின் பெயரை ஒரு குழு சூடிக்கொண்டது. பவேயான் தீவினரின் பேச்சுமொழியில் ‘லா ஒபே’ என்ற பாட்டைப் பாடிச் சுவாலோஸ் பிரசித்தி பெற்றார்கள். மலாயிலோ, சீனத்திலோ, ஆங்கிலத்திலோ, எந்தப் பாஷையில் பாடினாலும் இந்த மரியாதை மட்டும் மாறவில்லை.

இதற்கு வித்திட்டவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். 1961-இல் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவினரும் கேலாங்கை ஒட்டியிருந்த ஹேப்பி வோர்ல்டு அரங்கில் வாசித்துவிட்டுப் போனார்கள். ஷேடோஸ் பாடகருக்குப் பின்னால் நின்று வாசிக்கவும் தெரிந்தவர்கள்; பாடகர் இல்லாமலே சபையைக் கட்டிப்போடவும் தெரிந்தவர்கள். முன்னணிக் கிட்டார் ராகத்தை எடுத்துச் செல்ல, இரண்டாவது கிட்டார் சுருதிக்கட்டுகளை இடைவிடாமல் மீட்ட, பேஸ் கிட்டார் அடித்தளமிட, டிரம்ஸ் காலத்தைக் காக்க, நான்கு பேரும் நான்கு வேலையைப் பங்கிட்டுக்கொண்டு ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமல் நடந்த அந்த ஒழுங்கைப் பார்த்த பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஊர் முழுவதும் குழு சேரத் தொடங்கினார்கள்.

அவர்கள் தேர்ச்சி பெற்ற இடங்களில் சாங்கியும் ஒன்று. இன்று விமான நிலையம் பரந்து கிடக்கும் அந்தப் பக்கத்தில் அந்நாளில் பிரிட்டிஷ் விமானப்படையின் தளம் இருந்தது. சாங்கி, செலேத்தார், தெங்ஙா முதலிய தளங்களிலும் செம்பவாங் கடற்படைத் தளத்திலும் நடந்த நடன விருந்துகளுக்கு உள்ளூர்க் குழுக்களையே அழைத்தார்கள். அங்கே கேட்கிறவர்கள் மூலப்பாட்டைத் தங்கள் ஊரிலேயே கேட்டுத் தேர்ந்தவர்கள். ஒரு ஸ்வரம் தப்பினாலும் கண்டுபிடித்துவிடக் கூடியவர்கள். அப்படிப்பட்ட சபைக்கு இரவு நெடுநேரம் வாசிக்கிறவனுக்குக் கிடைக்கும் சாதகம் எந்த குருகுலத்துக்கும் குறைந்ததன்று என்பது என் திடமான அபிப்பிராயம். சாங்கி கிராமத்துக்குப் போகும் 2-ஆம் எண் பஸ்ஸில் இப்பாட்டுகளைக் காதில் மாட்டிக்கொண்டு போகிறபோது, இந்த வாசிப்பு ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அந்தச் சாலை முடியும் இடத்திலேயே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

அத்தேர்ச்சியின் சிகரம் தி குவெஸ்ட்ஸ். குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்களால் தொடங்கப்பட்ட இக்குழு 1964-இல் வெளியிட்ட ‘ஷாண்டி’ என்ற வாத்திய இசை, பீட்டில்ஸின் பாட்டையே கீழே தள்ளிச் சிங்கப்பூர்ப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இவர்களுடைய முன்னணிக் கிட்டார்க்காரர் ரெஜி வெர்கீஸின் கைவண்ணத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். சில இடங்களில் உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை அமுக்கி நாதத்தைச் சுருக்குவார். வாக்கியம் முடிகிற இடத்தில் கையை எடுத்துவிட்டு, கிட்டாரின் அசைகோலைச் சற்றே தட்டி ஸ்வரத்தை நடுங்கவிடுவார். நம்முடைய கமகம் வேறு, இந்த அசைவு வேறு. ஆனாலும் ஸ்வரம் ஆடாமல் நிற்பதில் திருப்தி கொள்ளாத மனம் இரண்டிலும் ஒன்றே.

தனியாக வாசித்துப் புகழ் பெற்ற இக்குழு, ரீட்டா சாவ், சகுரா டெங் என்ற இரு பாடகிகளுக்குப் பின்னணியாக நின்றதைத்தான் நான் இன்னும் பெரிய சாதனையாகக் கொள்வேன். இருவரும் மாண்டரினில் பாடினார்கள். சகுராவின் குரல் பாடிக்கொண்டே இருக்கையில் திடீரென்று கள்ளக்குரலுக்குத் தாவி, மறுபடி கீழே இறங்கி, மீண்டும் தாவும். ஆல்ப்ஸ் மலை இடையர்களின் அந்த வித்தை அவருக்குச் சர்வ சாதாரணம். ரீட்டாவின் குரலிலோ குறும்பும் துள்ளலும் மிகுதி. இப்படிப்பட்ட இருவர் சேர்ந்து பாடும்போது பின்னால் வாசிக்கிறவனும் சாமர்த்தியம் காட்டக் கிளம்பினால் பாட்டு சந்தைக்கடையாகிவிடும். குவெஸ்ட்ஸ் அப்படிச் செய்வதில்லை. தாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குரல் ஓய்ந்த இடத்தில் மட்டும் கிட்டார் நாலு ஸ்வரம் பேசிவிட்டு ஒதுங்கும். விஷயம் தெரிந்தவனுடைய அடக்கம் இது; விஷயம் இல்லாதவனுடைய மௌனமன்று.

எனக்கு எல்லாவற்றிலும் உயர்ந்ததாகப் படுவது நயோமியின் பாட்டு. நயோமி சூரியா பாட, அவருடைய சகோதரர் ராபர்ட் சூரியா கிட்டார் வாசித்த குழு அது. 1965-இல் வெளிவந்த ‘ஹேப்பி ஹேப்பி பர்த்டே பேபி’ அமெரிக்காவில் 1957-இல் டியூன் வீவர்ஸ் பாடியதன் மறுவடிவமே ஆயினும், இந்த ஊரில் அது நயோமியின் சொத்தாகவே ஆகிவிட்டது. பிரிந்துபோன காதலனுக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லும் பாட்டு. அழுது பாடலாம், அதிர்ந்தும் பாடலாம். நயோமி இரண்டையும் விட்டுவிட்டு, பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்ற பாவனையில் தணிந்த குரலில் பாடுகிறார். அந்தத் தணிவைக் கிட்டார் எப்படிக் காப்பாற்றுகிறது என்று பாருங்கள்: குரலுக்கு மேலே ஏறாமல், குரல் மூச்சு வாங்கும் இடத்தை இட்டு நிரப்பி, அடுத்த வரிக்கு அவரைக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறது. உடன்பிறந்தாருக்குள் மட்டுமே அமையக்கூடிய ஒரு புரிந்துகொள்ளல் அதில் இருக்கிறதென்று சொன்னால், மிகையென்று தள்ளாமல் மறுமுறை கேட்டுப் பார்க்கும்படி வேண்டுகிறேன். அப்போது நயோமியை விட்டுவிட்டு ராபர்ட்டை மட்டும் பின்தொடருங்கள்.

1971 அக்டோபர் இறுதியோடு பிரிட்டிஷ் படை விடைபெற்றது. முகாம் விருந்துகள் நின்றன, பல குழுக்கள் கலைந்தன. எனினும் அந்த வழி அற்றுப்போகவில்லை. பினாங்கில் லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்ற தமிழ்ச் சகோதரர்கள் ‘அலிகேட்ஸ்’ என்ற பெயரில் குழு நடத்தி, மலாய்ப் பாட்டுகளால் மலேசியா முழுவதும் அபிமானம் பெற்றார்கள். 2007-இல் லோகநாதன் காலமான பிறகும் டேவிட் அதே பெயரிலேயே மேடை ஏறினார். அண்ணன் தம்பி இருவருடைய குரலையும் அறியாத மலேசிய ரசிகரைக் காண்பது அரிது. அலிகேட்ஸில் டிரம்ஸ் வாசித்தவர் யார், பேஸ் வாசித்தவர் யார் என்று கேட்டாலும் விரல்விட்டுச் சொல்லக்கூடிய பழைய ரசிகர்கள் அங்கே இருக்கிறார்கள். நம்முடைய சினிமா மெட்டுகளுக்கு உயிர் கொடுத்த கிட்டார்க்காரர்களையும் பேஸ்காரர்களையும் அப்படிச் சொல்லக்கூடிய தமிழ் ரசிகரைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.