ஒன்றுக்கு ஒன்று என்ற மயக்கம்

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் வாடகை அடுக்குமாடிகளின் பேட்டை. அங்கிருந்து ஹாம் ரேடியோவில் இறங்குகிறவருக்குக் கோபுரம் நாட்ட நிலம் ஏது? பல்கனிக் கம்பியில் கட்டிய குட்டை ஆன்டெனாதான் கதி. அது டிரான்ஸ்மிட்டரோடு இசைந்திருக்கிறதா என்று பார்க்க எஸ்.டபிள்யூ.ஆர். என்னும் நிலையலை விகிதத்தை அளக்கிறார்கள். விகிதம் 1 என்றால் முழு இசைவு. 2 என்றால் ஆன்டெனாவை அடையும் மின்திறனில் 11 விழுக்காடு திரும்பி வரும். 3 என்றால் 25.

இந்த அளவையை எளியவர் கைக்குக் கொண்டுவந்தது நானோவிஎன்ஏ என்னும் சின்னக் கருவி. ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் வடிவமைத்தது. சீனத் தயாரிப்புகளாக 2019 வாக்கில் உலகெங்கும் பரவியது. 100 டாலருக்குள்ளேயே வகைகள் உண்டு. ஊசி மீட்டரைப் போல ஓர் அலைவரிசையின் எண்ணை மட்டும் சொல்லாமல் முழு வளைவையும் திரையில் காட்டுகிறது. வளைவின் பள்ளம் வேண்டிய அலைவரிசைக்குக் கீழே விழுந்தால் கம்பி நீளம், வெட்டலாம். ஊகித்து வெட்டிய காலத்தை நினைத்தால் இது பெரிய விடுதலை.

ஆனால் கருவி அளப்பது இசைவை. ஒலிபரப்பும் திறனை அல்ல. பல்கனியில் இந்த வேறுபாடுதான் எல்லாம். குட்டை ஆன்டெனா ஒன்றின் கதிர்வீச்சுத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சுருளிலும் தரை இணைப்பிலும் வீணாகும் தடை 45 ஓம். கூட்டினால் 50, டிரான்ஸ்மிட்டர் எதிர்பார்க்கும் அதே அளவு. மீட்டர் 1 என்று காட்டும். வானில் போவதோ பத்தில் ஒரு பங்கு. தரை இணைப்பாக விரிக்கும் ரேடியல் கம்பிகளைக் கூட்டி வீண் தடையை 20 ஓமாகக் குறைத்தால் மொத்தம் 25, விகிதம் 2 ஆகிவிடும். திரும்பி வருவதைக் கழித்தாலும் கதிர்வீச்சு 18 விழுக்காட்டை நெருங்கும். மீட்டரை நம்பியவர் ரேடியலைக் கழற்றிவிடுவார்!

கேபிளும் ஏய்க்கும். மலிவான ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டரில், இரண்டு மீட்டர் அலைவரிசையில், 5 டெசிபெல்லுக்கு மேல் விழுங்கும். மறுமுனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் இந்த முனையில் 2-க்குக் குறைவாகத் தெரியும். கருவியின் அளவுதிருத்தத்தைக் கேபிளின் ஆன்டெனா முனையில் செய்தால் இந்த ஏமாற்று விலகும்.

மீட்டரை மட்டும் நம்பக் கூடாது என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மீட்டர் 1.1 காட்டியும் யாரும் பதில் சொல்லாதபோது, மாடிவீட்டில் இந்தக் கலை நடக்காது என்று புதியவர் விலகிவிடுகிறார். அவருக்குத் தேவை இரண்டாவது சோதனை, அதுவும் செலவில்லாதது. நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர் 2008-இல் வெளியிட்ட டபிள்யூ.எஸ்.பி.ஆர். என்னும் இலவச மென்பொருளில் 200 மில்லிவாட்டே போதும்: நம் சிக்னல் எந்த ஊர்களில், எவ்வளவு வலுவாகக் கேட்டது என்ற பட்டியல் திரும்பி வரும். ரேடியலைப் போட்டு ஓர் இரவு, எடுத்து ஓர் இரவு என்று சில முறை மாற்றிப் பார்த்தால் எது மேல் என்று தெரிந்துவிடும்.