பாதத்தின் லாகவம்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மோட்டார் பந்தயத்தை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மாருதி காரின் எஞ்சினை வைத்து 1988-இல் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியொன்றை உருவாக்கி, அதுவரை பெருந்தனக்காரரின் விநோதமாக இருந்துவந்ததைப் பல இளைஞர்களுக்கும் திறந்துவிட்ட எஸ். கரிவரதனும், அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்த பிறகு அவர் பெயரைத் தாங்கி 2003-இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்ப் பேச்சில் நிலைத்துவிட்ட பெயர்கள். ஆயினும், செட்டிபாளையத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் எத்தனை பந்தயம் பார்த்தவராயினும், அந்தக் கலையின் உயிர்நிலையான ஒன்றை அவர் பார்த்திருக்க முடியாது. அது ஓட்டுபவனின் பாதம்.

நேர்ப்பாதையில் ஆக்சிலரேட்டரை அடியோடு மிதிப்பதற்கு வித்தை ஏதும் வேண்டாம்; அது எஞ்சினின் சாமர்த்தியம். ஓட்டுபவனின் சாமர்த்தியம் வளைவில்தான் வெளிப்படும். வளைவு நன்றாக அமையுமா என்பதோ, அதற்கு முன்னாலேயே பிரேக்கில் கால் பட்ட மாத்திரத்தில் பாதி தீர்மானமாகிவிடும். ஓடும் வண்டியின் இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகம்; மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு இறங்கும் வண்டி, வேகத்தில் பாதியை இழக்கும்போதே சக்தியில் முக்கால் பங்கைத் தொலைத்துவிடுகிறது. ஆகவே தேர்ந்தவன் தயங்கித் தயங்கி மிதிப்பதில்லை. வண்டி நேராக ஓடிக்கொண்டிருக்க, டயர்களின் பிடிப்பு முழுவதும் நிறுத்துகிற வேலைக்கே கிடைக்கிற அந்தச் சில க்ஷணங்களில், சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லைக்கு ஒரு மயிரிழை இப்பால் தன் பலத்தையெல்லாம் முதலிலேயே செலுத்திவிடுகிறான்.

இதுவரைக்கும் துணிவும் தொடை பலமும் போதும். நளினம் இதற்கு அப்பால் தொடங்குகிறது. டயரின் பிடிப்புக்கு ஓர் அளவு உண்டு. நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் அந்த அளவுக்குள்ளேயே பங்கிட்டாக வேண்டும் என்பதால், ஸ்டியரிங் எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குப் பிரேக்கின் மேலுள்ள பாதம் இளக வேண்டும். சட்டென்று காலை எடுத்துவிட்டாலோ, முன் டயர்களை அமுக்கிக்கொண்டிருந்த பாரம் பின்னுக்கு நகர்ந்துபோக, வண்டி திருப்பிய பக்கம் வராமல் வெளிப்புறமாக ஒதுங்கும். எடுக்கத் தாமதித்தாலோ, பாரம் குறைந்த பின்சக்கரங்கள் வழுக்கி வண்டி முழுவதும் சுழன்றுவிடும். இந்த இரண்டு விபரீதங்களுக்கும் நடுவே, வளைவின் உள்விளிம்பை வண்டி தொட வரும் வரைக்கும் பிரேக்கைச் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டே போவதற்கு டிரெயில் பிரேக்கிங் என்று பெயர். வீணையில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து இறங்கும் ஜாருவைக் கேட்டு அனுபவித்தவர்களுக்கு இதன் இனிமையைத் தனியே விளக்க வேண்டாம். நிறுத்தம் எங்கே முடிந்தது, திருப்பம் எங்கே தொடங்கியது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. மூன்று முறை உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட், பிரேக்கை மிதிப்பதைக் காட்டிலும் விடுவதையே பெரிய வித்தையாக மதித்தவர்.

இந்த வித்தை நிஜப் பந்தயத்தில் வண்டியின் மூக்குக்குள் மறைந்து கிடக்கிறது. அணியின் எஞ்சினியர்கள் மட்டும் பிற்பாடு வரைபடத்தில் அதைப் படித்துப் பார்ப்பார்கள். கணினித் திரையில் ஓட்டும் சிமுலேட்டர் பந்தயத்துக்கு நான் ரசிகனானதற்கு முதற்காரணமே, அது அந்த மறைவை விலக்கிவிட்டது என்பதுதான். பீளமேட்டில் ஒரு மாடி அறையில் என் தம்பி மகன் அமைத்துக்கொண்டிருப்பது ஆடம்பரமான சாதனமன்று: மேஜை விளிம்பில் திருகி இறுக்கிய ஸ்டியரிங், பலகையில் போல்ட்டு போட்டுச் சுவரில் முட்டுக்கொடுத்த பெடல்கள், ஓங்கி மிதித்தால் பின்னுக்கு ஓடிவிடுகிறது என்று சக்கரங்களைக் கழற்றிவிட்ட ஆபீஸ் நாற்காலி. திரையின் மூலையில் ஆக்சிலரேட்டருக்கு ஒரு பச்சைக் கோடும் பிரேக்குக்கு ஒரு சிவப்புக் கோடும் ஓயாமல் ஊர்ந்துகொண்டிருக்கும். "அமுக்கறது யாரு வேணும்னாலும் அமுக்கீருவாங்க பெரியப்பா, காலை எடுக்கறதைப் பாருங்க" என்று அவன்தான் என் கண்ணை அந்த மூலைக்குத் திருப்பியவன். பழக்கமில்லாதவனின் சிவப்புக் கோடு தயக்கத்தோடு ஏறி, மேலே சமதரையாக நீண்டு, பிறகு சுவரிடிந்தாற்போல் விழுகிறது. கைதேர்ந்தவனுடையதோ செங்குத்தாக எழுந்து, உச்சியில் நொடிப்பொழுதும் தங்காமல், நீண்டு மெலிந்து தரையோடு சேர்கிறது. அது சேரும் இடத்தை ஒட்டியே பச்சைக் கோடு முளை விடுகிறது. சில மாலைகளில் வண்டியைப் பாராமல் இந்தக் கோடுகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்; பந்தயம் பார்த்த திருப்தியில் ஒன்றும் குறையவில்லை.

மலைப்பாதை ஓட்டத்தில் கொங்கு நாட்டாருக்கு உள்ள பரம்பரைப் பரிச்சயம் இங்கே உதவுமா என்றால், பெரும்பாலும் உதவாது என்றே சொல்வேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பம் மலைப்பாதையில் 27. அவற்றில் பாரம் ஏற்றி இறங்கும் லாரி டிரைவரின் தர்மம், பிரேக்கைத் தொடாமலிருப்பதே. தொட்டுக்கொண்டே வந்தால் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போய்விடும் என்பதற்காக, சிறிய கியரில் போட்டு எஞ்சினையே தடையாக்கிக்கொண்டு, மேலே ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டு இறங்குவார். அவருடைய நிதானம் வேறு, பந்தயக்காரனின் நிதானம் வேறு. அவர் வளைவைத் தாண்டி வீடு போய்ச் சேர நினைக்கிறார்; இவன் வளைவிலிருந்து எதையாவது பிடுங்கிக்கொண்டு போக நினைக்கிறான்.

மெய்யான வண்டியில் முதுகும் இடுப்பும் அறிவிக்கிற செய்தி எதுவும் சிமுலேட்டரில் இல்லை என்று குறை சொல்வார்கள். குறை மெய்தான். பின்சக்கரம் வழுக்கத் தொடங்குவதை உடம்பு உணர்வதற்குப் பதிலாக, ஸ்டியரிங்கில் உள்ள மோட்டார் கைக்குத் தருகிற கனம் சற்றே இளகுவதிலிருந்தும், டயர் முனகும் ஒலி மாறுவதிலிருந்தும் ஊகித்தாக வேண்டும். இதனாலேயே, கால் எவ்வளவு தூரம் இறங்கிற்று என்பதை அளக்கும் சாதாரணப் பெடலைவிட, எவ்வளவு அழுத்திற்று என்பதை அளக்கும் லோட் செல் பெடலை நாடுகிறார்கள். தூரத்தைக் காட்டிலும் பலத்தைத்தான் தசை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறது. இவ்வளவு குறையுள்ள கருவியில் கற்ற வித்தை வெளியில் செல்லுமா என்று ஐயுறுபவர்களுக்கு, 'கிரான் டூரிஸ்மோ' என்ற வீடியோ கேம் ஆட்டக்காரர்களுக்கென நடந்த தேர்வில் 2011-இல் வென்று, 2013-இல் லெ மான்ஸ் 24 மணிப் பந்தயத்தில் ஓட்டிய ஜான் மார்டன்பரோவைக் காட்டினால் போதும்.

அப்பியாசம் செய்யும் முறையிலும் ஓர் அழகு உண்டு. அவசரக்காரன் சுற்றுக்குச் சுற்று பிரேக் போடும் இடத்தைத் தள்ளிக்கொண்டே போய் மணலில் விழுகிறான். விவேகி, ஓரத்திலுள்ள 100 மீட்டர்ப் பலகையையோ ஒரு நிழலையோ அடையாளம் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே முன்னதாகப் பிரேக் போட்டு, விடுகிற சரிவை முதலில் செப்பனிடுகிறான். அது படிந்த பிறகே இடத்தை ஒரு வண்டி நீளம் தள்ளுகிறான். வளைவுக்குப் பின் நீண்ட நேர்ப்பாதை வருமானால், உள்விளிம்பைச் சற்றுத் தாமதித்தே தொட்டு, நுழையும்போது விட்டுக்கொடுத்த வேகத்தை வெளியேறும்போது வட்டியோடு வாங்கிக்கொள்கிறான். கண் எப்போதும் வண்டிக்கு ஒரு படி முன்னால் போயிருக்கிறது.

தனியே ஓட்டுகையில் கைவந்ததெல்லாம், இருபது பேர் இணையத்தில் கூடி ஓட்டும் பந்தயத்தின் முதல் வளைவில் பறந்துவிடுவதும் உண்டு. பக்கத்தில் தெரிகிற எதிராளியின் வண்டி, செய்தி வந்து சேரும் இடைவெளியில் கணினி ஊகித்துக் காட்டும் வண்டியே; முன்னால் ஒருவன் பிரேக் தொட்டால் பின்வரிசை முழுவதும் நெருங்கி வந்து மோதும். நிஜத்தில் எலும்பு முறியும் என்ற பயம் தருகிற மரியாதை இங்கே இல்லாததால், அடுத்தவன் கதவில் சாய்ந்து வளைவெடுக்கும் நாகரிகமற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வெல்லும் பந்தயங்களை நான் பார்ப்பதில்லை. முதல் சுற்றில் ஒரு வண்டி நீளம் முன்னதாகவே பிரேக் போட்டுப் பக்கத்தவனுக்கு இடம் விட்டு, கால் சோர்ந்துபோகிற கடைசிச் சுற்றிலும் அந்தச் சிவப்புக் கோட்டின் சரிவு குலையாமல் ஓட்டுகிறானே, அவன் எட்டாவதாக வந்தாலும் என் கைதட்டல் அவனுக்குத்தான்.