அழையாமல் விழிக்கும் செவி

பெயர் சொல்லி அழைத்தாலன்றி அலெக்ஸாவும் சிரியும் விழிப்பதில்லை என்பர் விற்போர். அப்பெயரைக் கேட்டறிவதற்கு அவை ஓயாது செவிசாய்த்தல்லவோ இருத்தல் வேண்டும்? கருவியிலுள்ள சிறு நிரலொன்று, வந்து விழும் ஒவ்வோர் ஓசையையும் அப்பெயரோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுகிறது. பொருளை அஃது அறியாது; சாயலே போதும். எண் வரம்பைத் தாண்டிய கணமே பதிவு தொடங்குகிறது.

வரம்பை உயர்த்தினால் அழைத்தும் வாராது; தாழ்த்தினால் அழையாமலே விழிக்கும். எப்பிழையைப் பொறுப்பது என்பதைப் பெரும்பாலும் கம்பனியே தீர்மானிக்கிறது. கூப்பிட்டும் வாராத ஏவலாளை எவர்தாம் விலைகொடுத்து வாங்குவர்!

இதன் விளைவை 2019 ஜூலையில் இலண்டன் 'கார்டியன்' பத்திரிகை வெளிக்கொணர்ந்தது. ஸிப் இழுக்கும் ஓசைக்கும் சிரி விழித்ததாம். அவ்வாறு தவறுதலாய்ப் பதிவான பேச்சுக்களை, மருத்துவரிடம் நோயாளி கூறிய அந்தரங்கம் உட்பட, ஒப்பந்த ஊழியர் கேட்டுத் தரமிட்டனர். இயந்திரத்தின் செவிக்குப் பின்னால் மனிதச் செவி இருந்ததை வாங்கியவர் அறிந்திலர்.

ஆகஸ்டில் அப்பிள் கம்பனி வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கோரிற்று. கேட்கும் தொழிலைச் செய்தோர்க்கு வேறு விதமான தீர்ப்பு: அயர்லாந்தின் கோர்க் நகரில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர் என்று அதே பத்திரிகை எழுதிற்று.