ஊராண்ட மரபும் அதன் உரைகல்லும்

ரோமாபுரியைச் சீசர்கள் ஆளத் தொடங்குவதற்கு முன்பு, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்காலம் அந்நகரத்தார் அரசன் என்றொருவன் இல்லாமலே தம்மைத் தாமே ஆண்டுகொண்டார்கள் என்பதையும், கி.மு. 509இல் முடியாட்சியை நீக்கிய அவர்கள், அதிகாரம் மீண்டும் ஒருவர் கையில் குவிந்துவிடலாகாது என்ற அச்சத்தால் ஆண்டுதோறும் கான்சல் என்னும் இரு தலைவர்களைத் தேர்ந்து, ஒருவர் செயலை மற்றவர் தடுக்கும் உரிமையையும் அவர்களுக்கு வழங்கினார்கள் என்பதையும் சரித்திரம் பயின்றோர் அறிவர். அந்த ரோமாபுரியின் தொடர்பு நம் கரைக்கும் எட்டியிருந்தது: புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் நிகழ்ந்த அகழாய்வில், இத்தாலியக் குயவர்களின் முத்திரை பதித்த கலங்கள் வெளிப்பட்டன. அக்கலங்கள் நம் கரையில் வந்திறங்கிய நாளில் அங்கே குடியரசு மறைந்து பேரரசு வேரூன்றிவிட்டது. ஆயினும் அக்குடியரசு போற்றிய நெறிகளுக்கு ஒப்பானவை, ரோமரிடம் கேட்டறியாமலே, பல நூற்றாண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டு ஊர்களில் தழைத்திருந்தன.

சோழர் காலத்து ஊராட்சியை ஆராய்வோர் அதனை நால்வகையாகப் பகுப்பர். வேளாண் குடிகளின் பொது அவை 'ஊர்' எனப்பட்டது. பிரமதேயங்களில் நிலமுடைய அந்தணர் கூடியது 'சபை'. வணிகர் தம் பட்டினங்களை நிர்வகித்தது 'நகரம்'. பல ஊர்களின் பிரதிநிதிகள் ஒன்றுகூடிப் பெரிய காரியங்களைத் தீர்த்தது 'நாடு'. இவற்றுள் ஊரும் நகரமும் நாடும் நடந்த விதத்தை விளக்கும் சாசனங்கள் குறைவே. சபைகளோ தம் விதிகளைக் கல்லில் பொறித்துவைத்தமையால், இந்த மரபின் உரைகல் எது என்பதை அவற்றைக் கொண்டே காண இயலும்.

முதற்பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், உத்தரமேரூர் மகாசபை செய்த தீர்மானங்கள் அவற்றுள் தலையாயவை. சபையின் பணிகளை நடத்தும் குழுவாகிய வாரியத்துக்கு வர விரும்புவோன் கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவனாக இருத்தல் வேண்டும். பிராயம் முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருத்தல் வேண்டும். வேத சாஸ்திரப் பயிற்சியோடு காரியத்தில் நிபுணனாகவும் ஆசாரமுள்ளவனாகவும் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவனுக்கு இடமில்லை. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவனுக்கு என்றுமே இடமில்லை; அவனுக்கு மட்டுமன்று, அவன் தந்தைக்கும், மகனுக்கும், மாமனாருக்கும், மருமகனுக்கும், தாய்மாமனுக்கும், உடன்பிறந்தாள் கணவனுக்குங்கூட இல்லை. பொதுப்பணத்துக்குப் பதில் சொல்லாதவனது பழி அவன் சுற்றத்தையும் சேரும் என்று வகுத்த அக்கண்டிப்பே இம்மரபின் உயிர்நாடி என்பது என் துணிபு.

தகுதியுடையோரைத் தேர்ந்த முறையும் அவ்வாறே ஐயத்துக்கு இடமற்றது. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பெற்றுக் குடும்புவாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. இளையோரும் முதியோரும் நிறைந்த மகாசபையின் நடுவே, கோயிற் பூசகராகிய நம்பிமாருள் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென்றறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க, அது பிரிக்கப்பட்டு வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். பின்னர் அச்சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்க வாசிப்பான். அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதனைத் தாமும் வாசித்த பின்னரே பெயர் பதிவாகும். இவ்வாறு ஆண்டு வாரியமாகிய சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமர்ந்து, முந்நூற்றறுபது நாள் பணிசெய்து விலகினர்.

அவை நடத்தும் ஒழுங்குக்கோ பாண்டிநாட்டு மானூர்ச் சாசனம் சான்று. கி.பி. 800ஐ ஒட்டிய அச்சாசனம், சபையில் கொண்டுவரப்படும் ஒவ்வொரு காரியத்துக்கும் அன்று அன்று என்று மறுத்துக் குழப்பம் விளைப்போருக்கு ஐந்து காசு தண்டம் விதிக்கிறது.

நமது கடலூர் மாவட்டத்திலேயே இம்மரபின் பெருமையைக் காட்டும் இடம் ஒன்றுண்டு. பராந்தகனின் விருதுப்பெயரால் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய ஊரே, அவன் பெயர் தாங்கிய வீராணம் ஏரியின் அருகே உள்ள இன்றைய காட்டுமன்னார்கோயில். அங்கு உடையார்குடி அனந்தீசுவரர் ஆலயத்துக் கல்வெட்டொன்று, இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளும் அவர்தம் உறவினரும் உடைமைகளை இழந்த செய்தியைச் சொல்கிறது. தன் தமையனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறிக்கும்போதுங்கூட, முதலாம் ராஜராஜன் அவ்வூர்ப் பெருங்குறி மகாசபைக்குத் திருமுகம் எழுதியே அக்காரியத்தை நடத்தினான். விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்திலோ, ராஜேந்திரன் காலத்துச் சபை 340 மாணாக்கர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்விச்சாலையைப் பேணியது.

இம்மரபின் குறையையும் மறைத்தல் தகாது. உழுத கைகளுக்கும், பெண்டிருக்கும், நிலமற்றோருக்கும் அச்சபையில் குரல் இருந்ததில்லை. செல்வத்தின் அளவுக்கேற்பக் குடிகளை வகுத்து வாக்களிக்கச் செய்த ரோமாபுரியும் இக்குறைக்கு விலக்கன்று. அந்நகரத்துக் குடியரசின் வீழ்ச்சியோ நமக்குப் பெரியதொரு பாடம்: ஓராண்டுப் பதவி என்ற வரம்பைச் சேனாபதிகள் ஒருவர்பின் ஒருவராக மீறி, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் ஆயுட்கால சர்வாதிகாரியானபோது, அவையும் தேர்தலும் பெயரளவில் நின்றனவேயன்றி அவற்றின் ஆவி நீங்கிவிட்டது. குறுகிய பதவிக்காலமும் கணக்குக் காட்டும் கடமையும் பிறழ்ந்த நாளில் சுயாட்சியும் பிறழ்கிறது.

1992இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும், பழைய சபை புறத்தே நிறுத்தியவர்களை எல்லாம் கிராம சபையின் உள்ளே அழைத்துவிட்டன. நிலமோ குலமோ கேளாமல், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். முன்னோர் கொடாத உரிமையைப் பெற்றுவிட்ட நாம், அவர்கள் கைக்கொண்ட கண்டிப்பையும் கைக்கொள்ள வேண்டாமா? கெடிலக் கரையிலும் பெண்ணையாற்றங்கரையிலும் உள்ள ஊர்களில் குடியரசு நாளன்றும் காந்தி ஜயந்தியன்றும் கிராம சபை கூடும்போது, வரவு செலவு வாசிக்கப்படும் அந்நேரத்தில் எழுந்து நின்று, இந்த ஏரிக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு, செய்த வேலை எது என்று வினவும் குடிமகனே உத்தரமேரூர்ச் சபையாரின் மெய்யான வழித்தோன்றல். அத்தகையோர் ஊருக்கு நால்வரேனும் தோன்றுவார்களாயின், இம்மரபு கல்லில் மட்டும் நில்லாது நம் வாழ்விலும் நிலைபெறும்.