கப்பல் ஏட்டைக் காதால் படித்தல்

நம் சங்க மலருக்கு வழக்கமாகக் குறளையோ சிந்தாமணியையோ பற்றி எழுதுகிறவன் நான். இந்த முறை ஒரு கணக்குப் பதிவேட்டைத் திறனாய்வு செய்யப் போகிறேன் என்றதும் மலர்க் குழு நண்பர் ஒருவர், "பாத்திரக்கடைக்காரர் கடைசியில கணக்கு நோட்டுக்கே வந்துட்டாரு" என்று சிரித்தார். சிரிக்கட்டும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் சென்றவர்களின் கப்பல் பதிவேட்டில் பெரும்பகுதி, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் ஏடு என்பது என் துணிபு. அதை அப்படிப் படிக்கத் தவறி ஒரு குடும்பத்துக்குப் பிழை செய்தவன் நான். அதனால் இதை எழுதும் கடமையும் எனக்கு உண்டு.

முதலில் செய்தி. 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ஆம் நாள் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர். அன்று தொடங்கி 1911 வரை அங்கே சென்ற ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184 பேர் என்று கணக்கு. இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கற்பட்டு, தஞ்சாவூர், திருச்சி ஜில்லாக்காரர்கள் ஏராளம். கரும்புத் தோட்டத்துக்கும், பிறகு நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் என்று பத்திகள்.

ஒரு பேரேட்டைக் கையில் எடுத்தால், இதை யார், யாருக்காக எழுதினான் என்று முதலில் கேட்பது எங்கள் தொழில் வழக்கம். இந்த ஏடு பேரப்பிள்ளைகள் வந்து தேடட்டும் என்று எழுதியதல்ல. முதலாளியிடம் ஆளை எண்ணி ஒப்படைக்கவும், ஆள் ஓடிப்போனால் அடையாளம் கண்டு பிடிக்கவும் எழுதியது. ஆகவே முழங்கால் தழும்பைப் பார்த்து எழுதியவன், ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி போட்டுவிட்டுப் போனான். ஆனாலும் ஒரு நன்மை உண்டு. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் சேர்ந்து போயிருந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் இருப்பார்கள். ஒரு பெயரைக் கண்டால் அதற்கு முன்னும் பின்னும் நாலு வரி பார்க்காமல் ஏட்டை மூடக் கூடாது.

நம் இலக்கியம் இவர்களை எப்படிப் பார்த்தது? பாரதியின் 'கரும்புத் தோட்டத்திலே' பாட்டைப் படித்து நெஞ்சு கலங்காதவர் இல்லை. பிஜித் தீவில் நம் பெண்கள் பட்ட பாட்டை அவர் பாடாவிட்டால், தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அந்தத் தீவின் பெயரே தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பாட்டில் ஒருத்திக்கும் பெயர் இல்லை, ஊர் இல்லை. அது பாட்டின் குறையன்று. பாட்டுக்கு அது தேவையில்லை. குறை நம்முடையது. அதைப் பாடி அழுததோடு கடன் தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். புதுமைப்பித்தன் 1935-இல் எழுதிய 'துன்பக்கேணி' கதையில் மருதி என்ற பெயரும் வாசவன்பட்டி என்ற ஊரும் வருகின்றன. அவள் போனது இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு. இலங்கைக்கு ஆள் சேர்த்தது கங்காணி முறை. நேட்டால் போல ஆளுக்கொரு வரியாக எழுதிய கப்பல் ஏடு அங்கே எதிர்பார்க்க முடியாது. இதில் ஒரு விந்தை பாருங்கள். கற்பனைப் பெண் மருதியின் ஊரை நாம் அறிவோம். அதே வழியில் போன உண்மைப் பெண்களின் ஊரை அறியோம்.

ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நிறைய வந்திருக்கிறது. சுரேந்திர பாணா 1991-இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்தக் கப்பல் ஏடுகளை வைத்து எழுதியது. 1902 வரை போன ஏறத்தாழ 95,000 பேரை ஜில்லா, சாதி, வயது வாரியாக எண்ணியிருக்கிறார். அந்த உழைப்புக்குக் கும்பிடு போடலாம். ஆனால் எண்ணுகிறவருக்கு வட ஆற்காட்டில் எத்தனை பேர் என்பது போதும். தேடுகிறவருக்கு ஒரே ஒருவர்தான் வேண்டும். 2007-இல் அஷ்வின் தேசாய், கூலம் வாஹித் இருவரும் சேர்ந்து எழுதிய நூல் ஒரு படி மேலே போய், தனி ஆட்களின் வாழ்க்கையை ஆவணங்களிலிருந்து தோண்டி எடுத்துச் சொல்கிறது. காய்த்ரா பகதூர் 2013-இல் எழுதிய நூல், 1903-இல் கர்ப்பிணியாகத் தனியே கல்கத்தாவில் கப்பலேறி கயானா போன தம் கொள்ளுப்பாட்டியைத் தேடியது. பீகார் ஊர்ப் பெயர்கள் தெரிந்தவர்களுக்கு அந்த நூல் தரும் பாடம் பெரிது. நம் பக்கத்துக்கு இப்படி ஒரு நூலைத் தமிழ்க் காது உள்ளவர் யாராவது எழுத வேண்டும்.

காது என்று சொன்னேன். விளக்குகிறேன்.

கூலிக்குப் போனவர் வாயால் சொன்னார். குமாஸ்தா காதால் கேட்டு எழுதினார். பின்னாளில் பிரதி எடுத்தவர் கண்ணால் பார்த்து எழுதினார். இப்போது அதையே பெயர் கொண்டு தேடும்படி கணினியிலும் ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் பிழை புகும். ஓலைச்சுவடியில் பாடபேதம் வருவது போலத்தான் இதுவும். முனுசாமி அங்கே மூன்சாமி. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். குப்பனை ஆங்கிலத்தில் இரண்டு சுழி போட்டு எழுதியதைப் பார்த்து, 'கூப்பன்' என்று கடைச் சீட்டு மாதிரிப் படித்துச் சிரிக்கும் பேரன்மார் உண்டு. அந்த இரட்டைச் சுழி நெடிலே அன்று. அக்காலத்து ஆங்கிலேயர் நம் குற்று 'உ'வுக்கும் அதைத்தான் போட்டார்கள். நாமும் பெரிய யோக்கியர்கள் இல்லை. மும்பையில் என் ரேஷன் அட்டையில் நயினார் என்ற என் பெயர் ஒரு முறை நாயனார் என்றும், திருத்தச் சொல்லிக் கொடுத்த பிறகு நைனா என்றும் வந்தது. என் பேரன் நாளைக்கு எந்தப் பெயரைத் தேடுவான்?

இனி என் பிழையைச் சொல்லுகிறேன். 2010-இல் முதல் கப்பல் போன 150-ஆம் ஆண்டு நினைவு வந்தது. அதற்கு மறு ஆண்டு, என் வாடிக்கையாளர் வீட்டுக்கு டர்பனிலிருந்து ஓர் அம்மாள் விருந்தாக வந்திருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது எழுபதுக்கு மேல். தமிழ் பேச வராது. ஆனாலும் என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டார். கையில் கப்பல் ஏட்டின் ஒரு வரி, மங்கலான நகல். கொள்ளுத்தாத்தா முனுசாமி, தகப்பன் குப்பன், ஜில்லா வட ஆற்காடு. தாலுகா இருந்த இடத்தில் கறை. ஊர்ப் பெயரை நான் 'புதூர்' என்று படித்தேன்.

"அண்ணா, எங்க வீட்ல பெரியவங்க அப்பாவ நைனான்னுதான் கூப்பிடுவாங்களாம்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புல்லரித்தது. நைனா என்றதும் நயினார் என்று என் மனம் ஓடியது. நான் பிறந்தது வந்தவாசிப் பக்கம். ஒருவேளை எங்கள் சமணக் குடும்பத்துப் பிள்ளைதான் கப்பலேறிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். ஆசை கண்ணை மறைத்தது. தகப்பனை நைனா என்பது வட ஆற்காட்டில் பல சாதித் தமிழரும் தெலுங்கரும் வழங்கும் சொல். அது எதற்கும் சாட்சி ஆகாது.

புதூர் என்ற ஊர் இல்லாத தாலுகா உண்டா? எனக்குத் தெரிந்த புதூருக்கு அனுப்பி வைத்தேன். அங்கே ஒரு பெரியவர், "ஆமாம்மா, எங்க பாட்டன்கூடப் பொறந்தவரு ஒருத்தரு கப்பலேறிப் போயிட்டாருன்னு சொல்லுவாங்க" என்றாராம். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஜில்லாவில் எந்த ஊரில் கேட்டாலும் இப்படி ஒருவர் நினைவில் இருப்பார். அம்மாள் அழுதிருக்கிறார். என் கடையில் வாங்கிப்போன குத்துவிளக்கை அந்த ஊர் மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசிக் கைதட்டும் வாங்கினேன்.

இரண்டு ஆண்டு கழித்து அவர் மகன் தெளிவான நகல் ஒன்றைக் கணினி வழி அனுப்பினார். கறை இருந்த இடத்தில் தாலுகா தெரிந்தது. கார்வேட்டி நகரம்! அந்த ஜமீன் பழைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911-இல் சித்தூர் தனி ஜில்லா ஆனபோது அதோடு போய்விட்டது. இன்றைக்கு ஆந்திரம். அந்த ஜமீனில் இருந்தது புத்தூர். புதூர் அல்ல, புத்தூர்.

தாலுகா தெரியாமலே நான் இதைக் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் எனக்கு வெட்கம். தமிழில் 'த' என்பது ஒரே எழுத்து. ஆனால் இரண்டு உயிருக்கு நடுவே தனியாக வந்தால் மெல்ல ஒலிக்கும், இரட்டித்தால் அழுத்தி ஒலிக்கும். புதூர் என்று கேட்ட குமாஸ்தா, டில்லிக்கு ஆங்கிலத்தில் முதலில் வரும் எழுத்தைப் போட்டிருப்பார். புத்தூர் என்று கேட்டவர் டிக்கட்டுக்கு முதலில் வரும் எழுத்தைப் போடுவார். நகலில் இருந்தது டிக்கட்டின் எழுத்து. அந்த வெள்ளைக்காரன் ஏட்டில் அவ்வளவு சரியாக விழுந்திருந்த ஒலியை, தமிழ் படித்த நான் கண்ணால் பார்த்து என் ஊர்ப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டேன். உ.வே.சா. 1887-இல் சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் கும்பகோணத்துச் சமணரிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்தார் என்று மேடைதோறும் பேசுகிற நான், இதற்கு இன்னொருவரைக் கேட்கவில்லை.

தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். ஊரைவிடத் தாலுகாவை நம்புங்கள். அதுவும் இன்றைய தாலுகா அல்ல, கப்பல் போன ஆண்டின் தாலுகா. வட ஆற்காடு என்ற மாவட்டமே 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. ஆங்கில எழுத்தை வாய்விட்டுப் பலமுறை படியுங்கள், முடிந்தால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி காதில் விழும்படி. மொரீஷியசுக்குப் போனவர்களுக்கு மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பதிவேடுகள் இருக்கின்றன. பலருக்குப் புகைப்படமும் உண்டு. ரீயூனியன், குவாதலூப், மார்ட்டினிக் போனவர்கள் புதுவை, காரைக்கால் வழியே போய் பிரெஞ்சுக் காதில் விழுந்தவர்கள். அந்தக் காது வேறு. அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அந்த அம்மாளுக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். எழுத எனக்கு நாலு மாதம் ஆயிற்று. மகன் பதில் போட்டார். அம்மா கடிதத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, விளக்கை அவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டாம், அங்கேயே எரியட்டும் என்றாராம். புத்தூருக்கு அவர் மகன் வருகிறார். அதே மாதிரி இன்னொரு விளக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை காசு வாங்க எனக்கு மனம் வரவில்லை.