தாலியைக் காட்டி நூற்ற நூல்!

"ஆலைக்கு ஆள் கிடைப்பதில்லை; பெண்களோ வேலைக்கு வர மறுக்கிறார்கள்" என்று கோவை வட்டார ஆலை அதிபர்கள் அங்கலாய்ப்பதைக் கேட்டுக் கேட்டு நம் செவி புளித்துவிட்டது. எந்தக் கூலிக்கு, எத்தனை மணி நேர உழைப்புக்கு, எந்தப் பூட்டிய விடுதிக்கு வர மறுக்கிறார்கள் என்பதை மட்டும் அவர்கள் சொல்லுவதில்லை!

1888இல் ஸ்டேன்ஸ் ஆலை எழுந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின. தொழிலாளர் சங்கம் கண்டனர். நிலையான வேலையும் பஞ்சப்படியும் போராடிப் பெற்றனர். அந்த நிலையான தொழிலாளிக்கு மாற்றாகத்தான், 1990கள் தொட்டு, திண்டுக்கல், தேனி, விருதுநகர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மணமாகாத ஏழைப் பெண்களைத் தரகர் வைத்துத் திரட்டினர். மூன்றாண்டு விடுதியிலே தங்கி உழை. முடிவிலே முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகப் பெறு. அது உன் திருமணத்துக்கு! இதற்கு இட்ட பெயர், சுமங்கலித் திட்டம்.

பெயரைப் பாருங்கள், தோழர்களே! கணவன் உள்ளவள் மங்கலம், இழந்தவள் அமங்கலம் என்று கைம்பெண்ணை மூலையில் உட்கார வைத்த அதே வைதிகச் சொல். ஆண் தொழிலாளியின் சேமநிதிக்கு 'மணமகன் திட்டம்' என்று எவரும் பெயரிட்டதில்லையே! பெண் ஈட்டுவது மட்டும் கூலியாக இராமல் சீராக மாறுவானேன்? வரதட்சணையைக் குற்றமென்றது 1961ஆம் ஆண்டுச் சட்டம். அந்த வரதட்சணையைச் சொல்லியே கூலியைப் பிடித்து வைத்தது ஆலை. அதே 1961இல் மகப்பேறு நலச் சட்டமும் வந்தது. மணமாகாதவளை மட்டும் எடுத்தால் அந்தச் செலவு இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கேட்ட குழந்தைக் காப்பகத்துக்கும் வேலை இல்லை. 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டுத் தொடர்பணி கேட்டது. ஒப்பந்தமோ மூன்றாண்டில் முடிந்தது. மங்கலச் சொல்லுக்குள் எவ்வளவு கணக்கு!

பதிவேட்டிலே அவள் 'பயிற்சியாளர்'. அறுந்த இழையை ஒட்டக் கற்க மூன்றாண்டா வேண்டும்? இடையிலே நோயுற்று ஊர் திரும்பிய பலருக்கு அந்த மொத்தத் தொகையும் கைக்கு வரவில்லை.

அமெரிக்காவின் லோவல் நகரிலும் உழவர் வீட்டுப் பெண்கள் கம்பெனி விடுதியில் தங்கித்தான் ஆலைக்குச் சென்றனர். 1834இல் கூலிக் குறைப்பை எதிர்த்தும், 1836இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்தும் வேலைநிறுத்தம் செய்தனர். ஒரே கூரையின்கீழ் கூடிப் பேச முடிந்தது அவர்களால். இங்கோ கைப்பேசிக்குத் தடை. கடைவீதிக்குப் போகவும் காவல்!

பெயர்ப்பலகையை இப்போது மெல்லக் கழற்றிவிட்டனர். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வந்து இறங்குகிறார்கள். பக்கத்து ஊரிலேயே, குழந்தையை இடுப்பில் சுமந்து, பகல் நேர வேலையும் தொட்டில் கட்ட ஓர் அறையும் கேட்டு நிற்கிறாளே ஒருத்தி, ஆள் இல்லை என்பவர் கண்ணுக்கு அவள் ஆளாகத் தெரியவில்லையா?